வீட்டு மின்கருவிகளின் பழுதும் அதனை நீக்கும் முறையும்

நம் மாநிலத்துக் கிராமங்களில் மின்சாரக் கருவி ஒன்றேனும் இல்லாத வீட்டை இன்று காண்பது அரிது. 2006ஆம் ஆண்டு தொடங்கி வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளும், 2011 செப்டம்பர் தொடங்கி மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகிய மூன்றும் தகுதியுடைய குடும்ப அட்டைதாரர்களுக்கு அரசினரால் விலையின்றி வழங்கப்பட்டன. அவற்றுள் பல, பத்தாண்டுகளைக் கடந்தவை. அதன் பின்னர் மக்கள் தம் சொந்தப் பணத்தில் வாங்கிய கருவிகளும் ஏராளம். கருவிகள் வந்த வேகத்தில் அவற்றைப் பேணும் அறிவு ஊர்களுக்கு வந்து சேரவில்லை. அக்குறையை ஓரளவேனும் நீக்குதல் இக்கட்டுரையின் நோக்கம்.

மேழி முறிந்தால் என்ன செய்வது, கவலைச் சாலில் ஓட்டை விழுந்தால் எப்படி அடைப்பது என்பதை நம் குடியானவர்கள் முற்காலத்தில் எவரிடமும் போய்க் கேட்டதில்லை. அக்குடியானவரின் பேரன் வீட்டில் மிக்சி நின்றுவிட்டால் அது பரணுக்குப் போய்விடுகிறது. நகரத்துக் கடைக்கு எடுத்துச் செல்வதென்றால் பேருந்துக் கட்டணமும் ஒரு நாட்கூலியும் செலவாகும். அங்கே சென்றாலும், "சரி செய்வதைக் காட்டிலும் புதிது வாங்கிவிடுங்கள்" என்னும் விடையே பல வேளைகளில் கிடைக்கிறது. எமது வட்டாரத்தில் பழுது பார்ப்போருடன் அமர்ந்து, பரணிலிருந்து இறக்கப்பட்ட இத்தகைய சாமான்கள் பலவற்றைத் திறந்து பார்த்ததில், குற்றம் பெரும்பாலும் மூன்றே இடங்களில் இருக்கக் கண்டேன். ஒன்று பிளக், மற்றொன்று வயர், மூன்றாவது, தேய்ந்துபோவதற்கென்றே வைக்கப்பட்ட ஏதேனும் ஒரு சிறு உறுப்பு. இம்மூன்றும் ஒரு திருப்புளி கொண்டு சீர்செய்யத் தக்கவை.

ஆயினும் பழுது நீக்குவதைப் பற்றிப் பேசுமுன், பழுதென்று எவரும் எண்ணாத ஒரு பழுதைப் பற்றிக் கூறியாக வேண்டும். ஏனெனில் உயிரைக் குடிப்பது அதுவே.

செருப்பணிந்து மாவரைத்தல்

சில வீடுகளில் கிரைண்டரைத் தொட்டால் விரல் நுனியில் 'சுர்' என்று உறைக்கும். வீட்டுப் பெண்மணி அதற்கு ஓர் உபாயம் கண்டுபிடித்திருப்பார். இரப்பர்ச் செருப்பை அணிந்துகொண்டோ, ஒரு மரப்பலகையின்மேல் நின்றுகொண்டோ மாவரைப்பார். "இலேசாகத்தான் அடிக்கும், பழகிவிட்டது" என்று நம்மிடமும் கூறுவார். இதனைக் கேட்டுச் சிரித்துவிட்டு அப்பாற் போய்விடுதல் ஊராட்சி உறுப்பினர்க்கு அழகன்று. கருவியின் உள்ளிருக்கும் மின்சாரம் உலோக உடலுக்குக் கசிந்துவிட்டது என்பதே அச்சிறு உறைப்பின் பொருள். இன்று ஈரமில்லாத கையும் இரப்பர்ச் செருப்பும் அவரைக் காத்தன. நாளை நனைந்த தரையில், நனைந்த கையுடன், செருப்பின்றி ஒரு குழந்தை அதனைத் தொடக்கூடும்.

இத்தகைய கசிவு நேரும்போது அதனை மண்ணுக்குள் கொண்டு சேர்ப்பதற்காகவே எர்த் எனப்படும் நிலத்தொடர்பு ஏற்பட்டது. மூன்று முனையுள்ள பிளக்கில் நீண்டும் பருத்தும் இருக்கும் முனை அதற்குரியது. அது நீண்டிருப்பதன் காரணம் யாதெனில், பிளக்கைச் செருகும்போது மற்ற இரண்டும் தொடுமுன் அது தொட வேண்டும். பிடுங்கும்போது எல்லாவற்றிற்கும் கடைசியில் அது விலக வேண்டும் என்பதே. நம் வீடுகளில் அம்முனைக்கு நேரும் கதி யாவரும் அறிந்ததே. இரண்டு முனைத் துளையில் செருகுவதற்காக அதனை முறித்துவிடுகிறோம். சிலர் பிளக்கையே நீக்கிவிட்டு, இரண்டு வயர் நுனிகளைத் துளைகளில் நுழைத்து, கழன்றுவிடாதிருக்கத் தீக்குச்சி ஒன்றையும் உடன் செருகி வைக்கின்றனர். வேறு சில வீடுகளில், எர்த் கம்பி இழுக்கும் செலவை மிச்சப்படுத்த எண்ணி, சாக்கெட்டின் உள்ளேயே எர்த் முனையை நியூட்ரல் முனையுடன் இணைத்து வைத்திருப்பர். இது மிகக் கொடிது. எங்கேனும் நியூட்ரல் கம்பி அறுபட்ட கணமே, நன்னிலையில் உள்ள கருவியின் உடலிலும் முழு மின்சாரம் ஏறி நிற்கும்.

"பியூஸ் இருக்கிறதே, அது காப்பாற்றாதா?" என வினவுவோர் உளர். பியூஸ் வீட்டின் வயரைக் காக்கும், மனிதனைக் காக்காது. ஐந்து ஆம்பியர் பியூஸ் என்பது 5,000 மில்லி ஆம்பியரைத் தடையின்றி ஓடவிடும். மனித உயிரை மாய்க்கவோ சில பத்து மில்லி ஆம்பியர் போதும். இதற்கெனவே கசிவுத் தடுப்பான் என்னும் கருவி உள்ளது. கடைகளில் இதனை 'ஆர்.சி.சி.பி.' எனக் கேட்டு வாங்கலாம். வீட்டிற்குள் செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பி வரும் மின்னோட்டத்தையும் இது இடைவிடாது ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். இரண்டிற்கும் வேறுபாடு தோன்றினால், அவ்வேறுபாடு எவருடைய உடல் வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று கொண்டு, ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். வீடுகளுக்கு ஏற்றது 30 மில்லி ஆம்பியர் அளவுடையது. இதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்த்தல் வேண்டும். ஒரே வேளையில் இரண்டு கம்பிகளையும் இரு கைகளால் பிடிப்பவரை இக்கருவியாலும் காக்க இயலாது என்பதை மறத்தலாகாது. அது அடிக்கடி விழுகிறதே என்று சலித்துக்கொண்டு அதனை நீக்கிவிட்டு நேராக இணைத்துக்கொள்வோரும் உண்டு. அது விழுவது வீட்டில் எங்கோ கசிவு இருப்பதை உணர்த்தவே.

ஆதலின் உறைக்கும் கருவியை அன்றே நிறுத்திவிட வேண்டும். பிளக்கின் எர்த் முனை உளதா, வயரின் பச்சைக் கம்பி அதனுடன் இணைந்துளதா, வீட்டிற்கு எர்த் குழி உளதா என்று பார்த்தல் வேண்டும். பழைய முறையில் உப்பும் கரியும் இட்டுப் புதைத்த எர்த் குழியாயின், கோடைக்காலத்தில் அதற்கு நீர் ஊற்றி வருவது நலம். வறண்ட மண் மின்சாரத்தை ஏற்காது. இவ்வளவும் ஒழுங்காக இருந்தும் கருவி உறைக்குமானால் கோளாறு மோட்டாரினுள் உள்ளது. அது தேர்ந்தவரிடம் செல்ல வேண்டியது.

பிளக்கும் வயரும்

எக்கருவியைத் திறப்பதாயினும் சுவிட்சை அணைத்தல் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்கிக் கண்ணெதிரே வைத்துக்கொள்ள வேண்டும். முறையின்றிக் கம்பி இழுத்த வீடுகளில் சுவிட்ச் நியூட்ரல் கம்பியில் அமைந்திருப்பதுண்டு. அங்கே சுவிட்சை அணைத்த பின்னும் கருவிக்குள் மின்சாரம் காத்துக்கொண்டிருக்கும்.

வயர் பெரும்பாலும் கழுத்தில்தான் அறுபடும். பிளக்கிலிருந்து வெளிவரும் இடம் ஒரு கழுத்து. கருவிக்குள் நுழையும் இடம் மற்றொன்று. இஸ்திரிப் பெட்டியின் வயரை அசைத்தால் விளக்கு எரிவதும் அணைவதுமாக இருக்குமானால் இதுவே காரணம் என அறியலாம். ஆனால் அவ்வாறு அசைத்து அசைத்தே பல நாள் காலந்தள்ளுதல் கூடாது. அறுந்த இடத்தில் தீப்பொறி தோன்றி வயர் உருகும். மேலுறை ஒட்டி வார்க்கப்பட்ட பிளக்காயின், கழுத்திற்கு அப்பால் அரை அடி வெட்டி எறிந்துவிட்டு, திருகாணியுள்ள புதிய பிளக்கை மாட்டுவது எளிது. இக்காலத்து வயர்களில் பழுப்பு நிறம் மின்சாரம் வரும் கம்பி, நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். பழைய வயர்களில் முறையே சிவப்பு, கறுப்பு, பச்சை என இருக்கும். பிளக்கின் உட்புறத்தில் எல், என், ஈ என்னும் ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். மேற்கூறிய மூன்றும் அவ்வரிசைப்படியே அமையும்.

பள்ளிகளில் கற்றுத்தராத ஒரு சிறு நுணுக்கத்தை இங்குக் கூறுவோம். பிளக்கினுள் எர்த் கம்பியை மட்டும் மற்ற இரண்டைவிடச் சிறிது நீளமாக விட்டுத் தளர்வாக மடித்து வைக்க வேண்டும். எவரேனும் வயரைப் பிடித்து இழுத்துவிட்டால் முதலில் கழலுவது மின்சாரம் வரும் கம்பியாகவும், கடைசியில் கழலுவது எர்த்தாகவும் இருக்கும். செம்பிழைகளை நன்கு முறுக்கித் திருகாணியின்கீழ் வைத்து இறுக்கி, ஓரிழையேனும் வெளியே நீட்டிக்கொண்டிராதபடி பார்த்துக்கொள்ளல் வேண்டும். வயரைக் கவ்விப் பிடிக்கும் பட்டை, அதன் வெளியுறைமீது அமர வேண்டும். சமையலறை வயரை நடுவில் வெட்டி ஒட்டி நாடா சுற்றுவதை நான் எவருக்கும் பரிந்துரை செய்யேன்.

தேய்ந்துபோகும் உறுப்புகள்

மிக்சி திடீரென நின்று, எவ்வித ஒலியும் இல்லையெனில் முதலில் அதனைக் கவிழ்த்து அடிப்புறத்தைப் பார்க்கவும். பெரும்பாலானவற்றில் சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும். அளவுக்கு மீறிய சுமையால் மோட்டார் சூடேறும்போது அது தானே வெளியே குதித்து இணைப்பைத் துண்டிக்கும். சில நிமிடங்கள் ஆறவிட்டு அதனை உள்ளே அழுத்தினால் மிக்சி முன்போல் ஓடும். இப்பொத்தான் இருப்பதை அறியாமல் மிக்சியைப் பரணில் ஏற்றிய வீடுகளும், கடைக்காரருக்குப் பணம் தந்த வீடுகளும் உண்டு. ஒருமுறை குதித்தால் அதிகமாக அரைத்தோம் என்று கொள்க. அடிக்கடி குதித்தால் ஜாரின் கத்தி இறுகியுளதா என்று கையால் சுழற்றிப் பார்க்கவும்.

மோட்டார் ஓடும் ஒலி கேட்டும் கத்தி சுழலவில்லையெனில், ஜாரையும் மோட்டாரையும் இணைக்கும் கப்ளர் என்னும் பல்சக்கரம் தேய்ந்துவிட்டது. அதன் விலை அற்பம். அதனைக் கழற்றுவதில்தான் பலர் இடறுகின்றனர். பெரும்பாலான மிக்சிகளில் இதன் மரை தலைகீழாக வெட்டப்பட்டிருக்கும். வழக்கம்போல் இடப்புறம் திருகினால் மேலும் இறுகும். அடிமூடியைக் கழற்றி, மோட்டார்த் தண்டின் கீழ்நுனியை அசையாமல் பிடித்துக்கொண்டு, மேலிருந்து பார்க்கையில் கடிகார முள் சுற்றும் திசையில் கப்ளரைத் திருகினால் கழன்றுவிடும். மிக்சி விட்டு விட்டு ஓடி, உள்ளே நீலப்பொறி மிகுந்து தெரியுமாயின், மோட்டாரின் இருபுறமும் வில்லால் அழுத்தப்பட்டிருக்கும் கார்பன் பிரஷ்களைப் பார்க்க வேண்டும். கால் அங்குலத்திற்கும் குறைந்திருந்தால் இரண்டையும் ஒருசேர மாற்றுக. ஒன்றை மட்டும் மாற்றுதல் சிக்கனமாகாது. ஜாரின் அடியில் கறுப்பாக நீர் கசிந்தால் கத்தி சுழலும் புஷ் தேய்ந்துவிட்டது என்று பொருள். அந்த ஜாரில் அரைத்ததை உண்ணலாகாது.

மின்விசிறி மெதுவாகச் சுற்றினாலோ, தள்ளிவிட்டால்தான் சுற்றத் தொடங்கினாலோ, பிளக்கைப் பிடுங்கிவிட்டு இறக்கையை ஒரு விரலால் சுண்டிப் பாருங்கள். தடையின்றிச் சுழன்றால் குற்றம் மின்தேக்கியில் உள்ளது. கடைக்காரர்கள் இதனைக் கண்டென்சர் என்பர். இறுக்கமாக நின்றால் தண்டு சுழலும் புஷ் வறண்டுவிட்டது. கண்டென்சரின்மேல் அளவு அச்சிடப்பட்டிருக்கும். கூரை விசிறிகளில் 2.5 மைக்ரோ பாரட் என்பது பொதுவாகக் காணும் அளவு. மேசை விசிறியில் எது அச்சிட்டுள்ளதோ அதே அளவைக் கேட்டு வாங்க வேண்டும். பெரிதாகப் போட்டால் வேகம் கூடும் என்று எண்ணி மாற்றுவோர் மோட்டாரை எரித்துக்கொள்வர். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கண்டென்சரில் மின்சாரம் சிறிது தங்கியிருக்கலாம். ஆகவே பிளாஸ்டிக் பிடியுள்ள திருப்புளியின் தண்டால் அதன் இரு முனைகளையும் ஒருசேரத் தொட்டுவிட்டுப் பின்னர்க் கையை வைக்கவும்.

வறண்ட புஷ்ஷிற்குத் தையல் இயந்திர எண்ணெய் இரண்டு சொட்டுப் போதும். கையில் கிடைத்த தேங்காய் எண்ணெயை விடும் வழக்கம் எங்கும் உள்ளது. அது முதல் வாரம் நன்றாக ஓடச்செய்யும்; பின்னர்ப் பிசினாகித் தூசியைச் சேர்த்துக்கொண்டு முன்னைவிட இறுகிவிடும். கிரைண்டரில் மோட்டார் ஓடியும் உருளை நின்றுவிட்டால் பெல்ட் தளர்ந்துவிட்டதென அறிக. பழைய பெல்ட்டையே மாதிரிக்கு எடுத்துச் சென்று வாங்கிவந்தால் அளவு தவறாது.

தொடலாகாதவை

பழைய பெரும்பெட்டித் தொலைக்காட்சியின் பின்மூடியை எக்காரணம் கொண்டும் திறத்தலாகாது. அதன் படக்குழாயில் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் ஏறுகிறது. பிளக்கைப் பிடுங்கி நெடுநேரமான பின்னும் அது தங்கியிருக்கக்கூடும். கைப்பேசியின் மின்கலம் உப்பிக் காணப்பட்டால் அதனைக் குத்துவதோ, அழுத்தி மூடுவதோ, மீண்டும் சார்ஜ் ஏற்றுவதோ தீயை வரவழைப்பதாகும். எல்.இ.டி. பல்புகளைப் பிரித்து ஒட்டும் பழக்கம் இளைஞரிடையே பரவி வருகிறது. மலிவான பல்புகள் பலவற்றில் உள்ளிருக்கும் தகடு நேரடியாக வீட்டு மின்சாரத்துடன் தொடர்புடையது என்பதை அவர்கள் அறிதல் வேண்டும்.

உழவர்களுக்குத் தனியே கூற வேண்டியது ஒன்றுண்டு. பயிர் வாடும் வேளையில் டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போய்விட்டால், மின் ஊழியர் வரும்வரை காத்திருக்க மனம் ஒப்பாது என்பதை நாம் அறியாமலில்லை. ஊரில் ஒருவர் இதற்கென்றே பெயர் பெற்றும் இருப்பார். அவரை ஊரார் புகழ்ந்து கம்பத்தண்டை அனுப்புகின்றனர். அவருக்கு ஏதேனும் நேர்ந்தால் அவர்தம் மனைவி மக்களுக்கு விடைசொல்ல அந்நேரம் எவரும் முன்வாரார். அவ்வேலை மின் ஊழியருக்கே உரியது. 2021ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மின்னகம் என்னும் மின் நுகர்வோர் சேவை மையத்தின் 94987 94987 என்னும் எண்ணை ஒவ்வொரு பம்ப்செட் அறையின் சுவரிலும் எழுதி வைக்குமாறு ஊராட்சி உறுப்பினர்கள் செய்தல் நன்று. எவரேனும் மின்சாரத்தில் சிக்கிக்கொண்டால் அவரைக் கையால் தொடாது முதலில் மெயினை அணைக்கவும். அது இயலாதாயின் உலர்ந்த மரக்கழியால் விலக்கி, 108க்குத் தெரிவிக்கவும். கம்பத்து உயரழுத்தக் கம்பியாயின் கழி கொண்டும் நெருங்குதல் கூடாது.

ஊராட்சி செய்யக்கூடியது

இவ்வளவையும் ஒவ்வொரு வீட்டாரும் தனித்தனியே கற்றுக்கொள்வர் என எதிர்பார்த்தல் முறையன்று. ஊருக்கு இருவர் நன்கு அறிந்திருந்தால் போதும். நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் 2009ஆம் ஆண்டு மார்ட்டின் போஸ்ட்மா என்னும் பெண்மணி ஒரு வழியைத் தொடங்கினார். குறித்த நாளில் ஒரு பொதுவிடத்தில் கருவிகளும், பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் இருப்பர். பொருளுக்குரியவர் அதனைக் கொண்டுவந்து, அவர்கள் அருகே அமர்ந்து, தாமும் கைகொடுத்துச் சரிசெய்துகொண்டு போவார். இம்முறை பின்னர்ப் பல நாடுகளுக்கும் பரவியுள்ளது. நம் ஊர்களுக்கு இது முற்றிலும் பொருந்தும் என்பது என் கருத்து. பொருளை விட்டுவிட்டுப் போக இடந்தரலாகாது. அருகில் அமர்ந்தால்தான் அடுத்த முறை அவரே செய்வார்.

தொழிற்பயிற்சி நிலையங்களில் எலக்ட்ரீசியன், வயர்மேன் பயிற்சி முடித்துவிட்டு ஊரிலிருக்கும் இளைஞர் எவரேனும் இருப்பர். மாவட்டத்திலுள்ள ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் வீட்டு மின்கருவிகளைப் பழுது பார்க்கும் பயிற்சி கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. மகளிர் சுய உதவிக் குழுவினரில் இருவரை அங்கு அனுப்பலாம். அடுப்படிக் கருவிகளை நாள்தோறும் கையாளும் பெண்கள், ஒலியைக் கேட்டே கோளாற்றை ஊகித்துவிடுவர் என்பது நான் கண்ட உண்மை. ஊராட்சிக்கு வேண்டிய பெட்டியில் திருப்புளிகள் சில, குறடு, டெஸ்டர், மல்டிமீட்டர் ஒன்று, சீரிஸ் விளக்குப் பலகை ஒன்று, பிளக்குகள், வயர் ஆகியவை இருந்தால் போதும். சீரிஸ் விளக்கு என்பது பழைய நூறு வாட் குண்டு பல்பைக் கருவியுடன் தொடராக இணைத்துப் பார்க்கும் முறை. கருவியினுள் வயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால் பல்பு முழு ஒளியுடன் எரியும். எங்கேனும் அறுந்திருந்தால் எரியவே எரியாது. பியூஸ் எரியாமல் குற்றத்தைக் காட்டிவிடுவதால் இது பயனுடையது. ஆனால் பயிற்சி பெற்றவரே அதனை இயக்க வேண்டும்.

இந்நாளைக் கிராம சபை நாளுடன் சேர்த்து வைக்கலாமென்று சிலர் கூறுவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. கிராம சபை பேசுவதற்குரிய நாள்; இது கையை அழுக்காக்கிக்கொள்வதற்குரிய நாள். மாலையும் மேடையும் ஒலிபெருக்கியும் இதற்கு வேண்டா. இரண்டு மாதத்திற்கு ஒரு ஞாயிறு, நூலகத்திலோ சமுதாயக் கூடத்திலோ, அதுவும் எர்த் சரியாக உள்ள கட்டடமா எனப் பார்த்து வைத்துக்கொண்டால் போதும். முதல் நாளில் பள்ளி, அங்கன்வாடி, ஊராட்சி அலுவலகம் ஆகியவற்றின் மின்விசிறிகளையும் பிளக்குகளையும் எடுத்துக்கொள்வது சாலச் சிறந்தது. ஒவ்வொரு கருவிக்கும் வந்த குற்றம், மாற்றிய உறுப்பு, அதன் விலை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வரவேண்டும். ஆறு மாதம் சென்றால் எந்தெந்த உறுப்பை ஊரிலேயே வாங்கி வைக்கலாம் என்பதை அக்குறிப்பேடே சொல்லிவிடும்.

சரிசெய்ய இயலாதவையும் வரத்தான் செய்யும். மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 என்பவை 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. இவற்றின்படி, பழங்கருவிகள் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் வாயிலாகப் பிரிக்கப்படுவதற்கு உற்பத்தியாளர் பொறுப்பேற்றல் வேண்டும். செம்பை எடுப்பதற்காக வயர்க்கட்டுகளைக் குளக்கரையில் கொளுத்துவதை ஊராட்சி உறுதியாகத் தடுக்க வேண்டும். அப்புகையில் டயாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டாகிறது. படக்குழாயின் கண்ணாடியில் ஈயம் உள்ளதால் அதனை உடைக்கலாகாது. தூய்மைக் காவலர்கள் குப்பையைத் தரம் பிரிக்கும் கொட்டகையில் இவற்றிற்கெனப் பூட்டுள்ள ஒரு மூலையை ஒதுக்கி, சேர்ந்தவற்றைப் பதிவு பெற்ற சேகரிப்பாளரிடம் அவ்வப்போது ஒப்படைத்துப் பற்றுச்சீட்டுப் பெற்றுக்கொள்ளலாம். உப்பிய மின்கலங்களை மட்டும் மற்றவற்றோடு சேர்க்காமல், உலர்ந்த மணல் இட்ட தகரப் பெட்டியில், வெயில் படாத இடத்தில் வைக்கவும்.